பச்சை திரும்பும் நேரம்

"திருடன் ரொம்ப ஒழுக்கமா வளர்ந்த பிள்ளை பாஸ்," என்றாள் ஸுல்மிரா. "ஜாடியைத் தூக்கிட்டுப் போனவன், மூடியை மறக்காம மூடிட்டுப் போயிருக்கான். பெத்தவங்களைப் பார்த்து ரெண்டு வார்த்தை பாராட்டணும்."

பெலார்மினோ மேஜையருகே குனிந்தார். அவள் சொன்னது சரிதான். மேஜை நடுவில் ஒரு கண்ணாடித் தட்டு. அதன் மேல் மணி போலக் கவிழ்த்த பெரிய கண்ணாடி மூடி. உள்ளே ஒரு கிண்ணத்தில் ஈரப் பஞ்சு. கூழ் ஜாடி இருந்த இடம் காலி. அதற்குப் பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கூழ்த் தீற்றல், அவ்வளவுதான்.

பெலார்மினோ முப்பத்தோரு வருஷம் போலீசில் உழைத்து ஓய்வு பெற்றவர். கசில்யாஸ் படகுத்துறைக்கு எதிரே, இரும்புக் கடை மாடியில் ஒரு அறை. வாசலில் 'துப்பறிவாளர்' என்று ஒரு பலகை. ஸுல்மிரா அவருக்கு உதவியாள். அதற்கு முன்னால் பத்தொன்பது வருஷம் லிஸ்பன் படகில் டிக்கெட் பரிசோதகர். டிக்கெட் எடுக்காதவன் மூஞ்சியை நூறடி தூரத்தில் கண்டுபிடிப்பாள். வாய் மட்டும் அவளுக்கு ஐம்பதடி முன்னாலேயே போய்விடும்.

"மூடியைத் திறக்காதீங்க!" என்று வாசலிலிருந்து ஒரு குரல் பதறியது.

ஹெர்மினியா. வயது ஐம்பத்தேழு. இருபத்தாறு வருஷமாக இந்த ஆய்வுக்கூடத்தின் உதவியாளர். நேற்று அவளுடைய கதவு அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். அதனால் உள்ளே கால் வைக்கத் தயங்கி, கைப்பையை இரண்டு கையாலும் மார்போடு பிடித்தபடி வாசற்படியிலேயே நின்றாள்.

"உள்ள வாங்கம்மா," என்றார் பெலார்மினோ. "உங்க இடம்தானே?"

"அஞ்சு மணி வரைக்கும்தான்," என்றாள் அவள்.

அதுதான் விஷயம். ஐந்து மணிக்கு மாடியில் விசாரணைக் குழு உட்காரும். ஹெர்மினியாவை வேலையை விட்டு அனுப்பும் தாளில் கையெழுத்து விழும். அப்புறம் போலீஸ். இப்போது செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணி.

குற்றச்சாட்டு சுருக்கமானது. ஞாயிற்றுக்கிழமை மாலை மூன்று நாற்பதுக்கு அவளுடைய அட்டை இந்தக் கதவைத் திறந்திருக்கிறது. திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு ஜாடி இல்லை. இல்லை என்று முதலில் கத்தியவர் இயக்குநர் டாக்டர் ஸகாலோ. ஒன்பதேகாலுக்கே அறையைப் பூட்டி, சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டார். அதன் பிறகு யாரும் எதையும் தொடவில்லை. ஹெர்மினியா எழுதிக் கொடுத்த வாக்குமூலம் ஒரே வரி: ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் இருந்தேன், துணி தேய்த்தேன்.

"சாட்சி?" என்று நேற்றே கேட்டிருந்தார் பெலார்மினோ.

"தனியா இருக்கறவளுக்கு சாட்சி ஏதுங்க? இஸ்திரிப் பெட்டியையா கூட்டிட்டு வர முடியும்?"

அந்தப் பதில் அவரை ராத்திரி தூங்க விடவில்லை. மனைவி ஒதெத் போய் நாலு வருஷம். அவரை யாராவது ஞாயிற்றுக்கிழமை எங்கே இருந்தாய் என்று கேட்டால் அவராலும் யார் பெயரையும் சொல்ல முடியாது.

"அந்தக் கூழ்ல அப்படி என்னம்மா இருக்கு?" என்றாள் ஸுல்மிரா. "எங்க ஊர் முட்டைக்கோஸ் சூப்பு ஆறிப்போனா இப்படித்தான் இருக்கும்."

ஹெர்மினியாவின் முகத்தில் முதல்முறையாக உயிர் வந்தது. "தைலமரக் கூழ்லேர்ந்து எடுத்த நார் இது. திரவப் படிகம்னு சொல்லுவாங்க. டி.வி. திரைக்குள்ள இருக்குற சரக்குக்குத் தூரத்துச் சொந்தம், ஆனா இது மரத்துக்குப் பொறந்தது. சாயம் ஒரு சொட்டு கிடையாது. நார் எல்லாம் முறுக்கி முறுக்கி அடுக்கா நிக்கிற விதத்துலதான் அந்தப் பச்சை வருது. சும்மா விட்டா கெட்டியா நிக்கும். தள்ளினா இளகி ஓடும்."

"எங்க வீட்டுக்காரர் நேர் எதிர். தள்ளத் தள்ளக் கெட்டியாவார். அதான் விட்டுட்டேன்."

"தள்றதை நிறுத்தினா குறுக்குவாட்டுல கோடு கோடா விழும்," என்று ஹெர்மினியா சிரிக்காமல் தொடர்ந்தாள். "அடுக்கு கலைஞ்சு போச்சுன்னு அர்த்தம். அப்புறம் மெல்ல மெல்லக் கோடு கரையும், பச்சை திரும்பும். முழுசாத் திரும்ப நாப்பத்தெட்டு மணி நேரம். அதுவரைக்கும் யாரும் தொட மாட்டோம். 'மறக்கட்டும்'னு சொல்லுவோம் இங்க. கை பட்டதை மறந்தாத்தான் அடுத்த அளவு எடுக்க முடியும்."

பெலார்மினோ மறுபடி தீற்றலைப் பார்த்தார். ஓரம் நேராக, சீராக இருந்தது. துணியால் துடைத்த அடையாளம் இல்லை.

"ஒரு சொட்டு கீழ சிந்தினா என்ன செய்வீங்க?"

"ஈரத்துணி ஆகாது, தண்ணி பட்டா ஊதிப்போகும். கண்ணாடித் துண்டை வச்சு ஒரே இழுப்பு. காஞ்சு போகாம இருக்க உடனே மூடி." சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவளுக்குப் புரிந்தது. கைப்பை நழுவியது. "கடவுளே..."

ஸுல்மிரா வாயை மூடிக்கொண்டாள். மூடிய மூடியைப் பார்த்துச் சிரித்தாளே, அந்தச் சிரிப்பு இப்போது திரும்பி அவர்கள் கட்சிக்காரி கழுத்தையே பிடித்தது. வெளியாள் இழுக்க மாட்டான், மூட மாட்டான். பழக்க தோஷம் உள்ளவன் செய்த வேலை. ஜாடியைத் தொடுகிறவர்கள் இங்கே நாலே பேர். இரண்டு பேர் வெளிநாட்டில் மாநாட்டுக்குப் போய்ப் பத்து நாள். மூன்றாவது, பத்து வருஷமாகக் கூழில் விரல் வைக்காத டாக்டர் ஸகாலோ. நாலாவது இவள்.

பேச்சு சத்தம் கேட்டு ஸகாலோவே எட்டிப் பார்த்தார். கழுத்தில் பட்டுத் துணி, உதட்டில் இரங்கல் வீட்டுப் புன்னகை. "நம்ம ஹெர்மினியா மேல எனக்குக் கோபமே இல்லீங்க. பாவம், ஒண்டிக்கட்டை. ஜாடியைத் திருப்பிக் குடுத்தா போலீஸ் வரைக்கும் போக வேண்டாம்னு நானே குழுவுல பேசறேன்."

"அஞ்சு மணிக்குப் பேசலாம் டாக்டர்," என்றார் பெலார்மினோ.

அவர் போனதும் ஸுல்மிரா முணுமுணுத்தாள். "இவ்வளவு பரிதாபப்படுற ஆள் ஒருத்தன் கூட டிக்கெட் எடுத்து நான் பார்த்ததில்ல பாஸ்."

பெலார்மினோ கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அம்மா, இது கடிகாரம் இல்லையா?"

"எது?"

"இந்தத் தீற்றல். ஞாயித்துக்கிழமை மூணு நாப்பதுக்கு இழுத்திருந்தா, இன்னிக்கு மூணு நாப்பதுக்கு முழுப் பச்சை ஆயிருக்கணும். ஆகலேன்னா, இழுத்தது அதுக்கு அப்புறம்."

மூன்று பேரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். இப்படி ஒரு துப்பறிதல் பெலார்மினோவின் சர்வீசில் கிடையாது. துரத்தல் இல்லை, துப்பாக்கி இல்லை. கூழ் பச்சையாகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஜன்னல் வெயில் மேஜையில் ஊர்ந்தது.

"பாஸ், பொழுது போகலை, ஒண்ணு கேக்கவா?" என்றாள் ஸுல்மிரா. "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நீங்க எங்க இருந்தீங்க?"

"வீட்டுல. தூங்கினேன்."

பொய். ஞாயிற்றுக்கிழமை அவர் ஆபீசில் இருந்தார். எல்லா ஞாயிறும் அங்கேதான். வேலை ஒன்றும் கிடையாது. வீட்டில் ஒதெத்தின் நாற்காலி எதிரே உட்கார முடியாமல் ஆபீசுக்குப் போய், விளக்கைப் போட்டுக்கொண்டு, பழைய கோப்புகளைப் புரட்டிவிட்டு வருவார். இதை வெளியே சொல்லுகிற அளவுக்கு அவர் இன்னும் கீழே இறங்கவில்லை என்று அவருக்கு ஒரு நினைப்பு.

மூன்று நாற்பது ஆயிற்று. மூன்று நாற்பத்தைந்து. தீற்றல் பச்சையாகவில்லை. மத்தி மீன் தோல் மாதிரி வரிவரியாக, ஓரத்தில் மட்டும் ஒரு நீலம் கலந்த பச்சை.

"ஆகலை!" ஸுல்மிரா எழுந்தே விட்டாள். "அப்ப ஞாயித்துக்கிழமை இல்ல! ஆனா எப்போ? 'அப்புறம்'னு சொன்னா குழு சிரிக்கும் பாஸ்."

ஹெர்மினியா தயங்கினாள். அப்புறம் அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு மரியா பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தாள். உள்ளே சீட்டுக்கட்டு மாதிரி சின்னச் சின்ன வண்ணப் படங்கள். எல்லாம் தீற்றல்களின் படங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் பொடி எழுத்தில் இழுத்து எத்தனை மணி நேரம் என்ற கணக்கு, தேதி.

"இதை யாருக்கும் காட்டினதில்ல. டாக்டருக்கு மிஷின் குடுக்குற எண்ணு போதும். கூழ் எப்படி மறக்குதுன்னு யாரும் கூட உட்கார்ந்து பார்த்ததில்ல. நான்தான்..."

பெலார்மினோ படங்களை ஒவ்வொன்றாகக் கண்ணாடியருகே பிடித்தார். நாற்பத்தாறு மணி? அதில் வரி மங்கியிருந்தது. இருபத்தைந்து? அதில் நீலமே இல்லை. முப்பத்திரண்டு.

வரிக்கு வரி, ஓரத்து நீலம் முதற்கொண்டு, அச்சு அசல்.

"மணி இப்போ நாலாகப் போகுது," என்றார். "முப்பத்திரண்டு மணி நேரம் பின்னால போனா, நேத்துக் காலைல எட்டு. ஸுல்மிரா..."

ஸுல்மிரா ஏற்கெனவே வாசலில் இருந்தாள். பத்து நிமிஷத்தில் மூச்சிரைக்கத் திரும்பினாள். "வாசல் காவலாளி அதெரிதோகிட்ட பன்றிக்கறி வச்ச ஒரு பிஃபானா ரொட்டி வாங்கித் தரேன்னு சொல்லி வருகைப் பதிவைப் பார்த்துட்டேன். நேத்து ஒன்பது மணிக்கு முன்னால இந்தக் கட்டடத்துக்குள்ள வந்தது ஒரே ஒரு ஜீவன். ஏழு அம்பது. கழுத்துல பட்டுத்துணி. முடிஞ்சது பாஸ், கொண்டாடலாம்!"

கொண்டாட அவர் எழுந்திருக்கவில்லை. முப்பத்திரண்டாம் படத்தைப் புரட்டிப் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தத் தேதி உனக்கு ஞாபகம் இருக்கா? அப்போ நீ படகுல இருந்திருப்பே."

அவள் வாங்கிப் பார்த்தாள். "நல்லா இருக்கு. கடைசிப் படகு சீக்கிரம் போயிடுச்சுன்னு ஒரு ஜெர்மன்காரன் என்னைக் கிழிச்சான். ஞாயிறு அட்டவணை அப்படித்தான்டான்னு நானும்..." நிறுத்தினாள். இன்னொரு படத்தை எடுத்தாள். இன்னொன்று. டப்பாவைக் கவிழ்த்துப் பரப்பினாள். அவளுடைய வாய் அன்று முதல்முறையாக அவளுக்குப் பின்னால் வந்தது. "பாஸ்... இது எல்லாமே ஞாயித்துக்கிழமை."

எல்லாப் படத்திலும் ஜன்னல் வெயில் ஒரே சாய்வில் விழுந்திருந்தது. மாலை மூன்றே முக்கால் வெயில்.

பெலார்மினோ மெல்லக் கேட்டார். "வெள்ளிக்கிழமை, இல்லேன்னா சனிக்கிழமை இழுத்து வச்சுட்டுப் போவீங்க. ஞாயித்துக்கிழமை வந்து பார்ப்பீங்க. எத்தனை வருஷமாம்மா?"

ஹெர்மினியா படங்களைப் பொறுக்கி அடுக்கத் தொடங்கினாள். அடுக்கு சரிந்து சரிந்து விழுந்தது.

"ஆறு வருஷம்," என்றாள் கடைசியில். "அண்ணன் செத்ததுக்கப்புறம். சாப்பாடு முடிஞ்சா ஞாயித்துக்கிழமை அசையவே அசையாதுங்க. பஸ் ஏறி இங்க வந்துடுவேன். ஜாடியை ஒரு சுத்துத் திருப்பி வைப்பேன், பேசுவேன், படம் எடுப்பேன். இந்த ஞாயிறும் வந்தேன். நான் கிளம்பறப்போ ஜாடி இங்கதான் இருந்துச்சு."

"அதை எழுதிக் குடுத்திருந்தா நேத்தே முடிஞ்சிருக்குமே!" என்றாள் ஸுல்மிரா.

"எப்படி எழுதறது? ஞாயித்துக்கிழமை போக ஒரு மனுஷங்க இல்லாம கூழைப் பார்க்க வரேன்னா? குழுவுல இருக்குற அந்த மூணு பேர் முன்னாடியா? மறுநாள் கேன்டீன்ல பேசிச் சிரிப்பாங்க. திருடின்னு சொல்லட்டும், அது பொய்யின்னு எனக்குத் தெரியும். இது நிஜம்ங்க."

பெலார்மினோ முப்பத்திரண்டாம் படத்தைத் தனியே எடுத்து வைத்தார். அவர் சொல்லியே ஆக வேண்டும். "அம்மா, உங்களைக் காப்பாத்துறது இந்தப் படங்கள்தான். இதை யார் எடுத்தது, எப்போ எடுத்ததுன்னு குழு கேக்கும். என்னால சொல்ல முடியாது. நீங்கதான் சொல்லணும்."

ஐந்து மணி. மாடியறை. மூன்று பேர் குழு. நடுவில் தலைவி, நரைத்த தலை, கறாரான கண். ஓரத்தில் ஸகாலோ. கண்ணாடித் தட்டை மூடியோடு அப்படியே தூக்கி வந்து மேஜையில் வைத்திருந்தார் பெலார்மினோ. பக்கத்தில் முப்பத்திரண்டாம் படம். விஷயத்தை நாலே வரியில் சொல்லி முடித்தார்.

ஸகாலோ சிரித்தார். "பிஸ்கட் டப்பாவா? இதுவா ஆதாரம்? யார் எடுத்தாங்க, எந்த மாதிரிக் கூழ், எப்போ? வேலை நேரத்துல முப்பத்திரண்டு மணி நேரம், நாப்பத்தாறு மணி நேரம்னு உட்கார்ந்து பார்க்க இங்க யாருக்குங்க முடியும்?"

தலைவி ஹெர்மினியாவைப் பார்த்தாள். "சொல்லுங்க. எப்போ எடுத்தீங்க?"

ஹெர்மினியா கைப்பையைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். எழுந்து போய்விடுவாள் என்றே பெலார்மினோ நினைத்தார். ஸகாலோ நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டார். அவள் சொல்ல மாட்டாள் என்பதில் அந்த மனிதருக்கு எவ்வளவு நம்பிக்கை!

"ஞாயித்துக்கிழமைல," என்றாள் ஹெர்மினியா. குரல் கிணற்றிலிருந்து வந்தது. "எல்லா ஞாயித்துக்கிழமையும். எனக்குப் போக வேற இடம் இல்லைங்க. ஆறு வருஷமா நான் இந்தக் கூழோடதான் உட்கார்ந்திருக்கேன். வீட்டுல இருந்தேன்னு எழுதினது பொய். வெக்கத்துல எழுதினேன்."

யாரும் சிரிக்கவில்லை.

பெலார்மினோ ஸகாலோ பக்கம் திரும்பினார். "மாசா மாசம் கதவுப் பதிவைப் படிச்சுக் கையெழுத்துப் போடுறது நீங்கதானே டாக்டர்? ஆறு வருஷ ஞாயிறு உங்க கண்ணுல பட்டிருக்கு. ஏன்மா வரேன்னு ஒரு நாள் கேட்டிருக்கலாம். கேக்காம எடுத்து வச்சுக்கிட்டீங்க, ஒரு நாள் உதவும்னு. நேத்துக் காலைல பதிவுல விழாம சாவியால திறந்து ஜாடியைத் தூக்குறப்போ ஒரு சொட்டு விழுந்துச்சு. சின்ன வயசுப் பழக்கம் கையை விடலை. ஒரே இழுப்பு இழுத்து, காஞ்சுடக்கூடாதேன்னு மூடியும் போட்டீங்க. திருட வந்த இடத்துலயும் கூழ் மேல கரிசனம்!"

"இது அபாண்டம்..."

"கார் சாவி," என்றாள் தலைவி. கையை நீட்டினாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஜாடி காரின் பின்பெட்டியில் கடற்கரைத் துண்டில் சுற்றி இருந்தது. வடக்கே ஒரு புதுக் கம்பெனியில் அடுத்த மாசத்திலிருந்து பெரிய பதவி. கூழோடு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். "வரதட்சணை!" என்றாள் ஸுல்மிரா. "மாப்பிள்ளை கையோடயே கொண்டு போறார்."

ஹெர்மினியாவின் அட்டை திரும்பி வந்தது. தலைவியே எழுந்து வந்து கொடுத்தாள். ஹெர்மினியா ஜாடியை வாங்கிக்கொண்டு, ஒருமுறை தலையசைத்துவிட்டுக் கீழே போனாள். படியிறங்கும்போது ஜாடி ஆடிவிடக் கூடாதே என்று ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கினாள்.

பஸ் நிறுத்தத்தில் பெலார்மினோவும் ஸுல்மிராவும் மட்டும். காற்றில் ஆற்று வாடை.

"பாஸ், இந்தக் கேஸ்ல ரெண்டு பேர் பொய் வாக்குமூலம் குடுத்திருக்காங்க."

"ரெண்டா?"

"அந்தம்மா ஒண்ணு. வீட்டுல தூங்கினேன்னு சொன்ன ஆள் ஒண்ணு." அவள் ரோட்டையே பார்த்துச் சொன்னாள். "ஒவ்வொரு திங்கக்கிழமையும் ஆபீஸ் காபிப்பொடி டப்பாவுல ரெண்டு கரண்டி குறையுது. நான் பத்தொன்பது வருஷம் டிக்கெட் பார்த்தவ."

அவருக்கு முகம் சுட்டது. "எப்போ கண்டுபிடிச்சே?"

"ரெண்டு வருஷம் ஆச்சு."

"ஏன் கேக்கலை?"

கேலி வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. ஸுல்மிரா மூக்கை உறிஞ்சினாள்.

"கேட்டா வெக்கப்பட்டு வர்றதை நிறுத்திடுவீங்க. அப்புறம் நான் கீழ படகுத்துறை பெஞ்சுல உட்கார்ந்து எந்த ஜன்னலைப் பார்க்கிறது?"

பஸ் வந்தது. கதவு திறந்தது. இருவரும் ஏறவில்லை. ஓட்டுநர் கையை விரித்துக் காட்டிவிட்டுக் கிளம்பிப் போனார்.

"ஆபீஸ்ல ரெண்டு கப்தான் இருக்கு," என்றார் பெலார்மினோ. "ஞாயித்துக்கிழமை அந்தம்மாவையும் கூட்டிட்டு மேல ஏறி வா. மூணாவது கப் நீ கொண்டு வந்துடு."